ஆகாயத்தில் கெமாஸ் இல்லை

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் ரயில்வே குமாஸ்தா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம். லீவு தாமதமாகக் கிடைத்ததால், அன்று மாலை பினாங்கில் கப்பலைப் பிடிக்க ஆகாய விமானத்தில் புறப்பட்டான். கோலாலம்பூரில் விமானம் இருபது நிமிடம்தான் நிற்கும். அதற்குள் நான் செய்வித்து வைத்திருந்த தாலிக்கொடியை அவன் கையில் சேர்க்க வேண்டும்.

விமானம் ஒன்பது மணிக்குக் கிளம்பும் என்று தந்தி வந்தது. ரயில் மைல்கள் எனக்கு மனப்பாடம். சிங்கப்பூரிலிருந்து கெமாஸ் ஜங்ஷன் வழியாக வளைந்து வர ஏறக்குறைய இருநூற்றைம்பது மைல். அதை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்து, பதினொரு மணிக்குத்தான் வரும் என்று நிதானமாகச் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

பத்தரைக்கே வானத்தில் இரைச்சல்! "இஞ்சருங்கோ, தம்பியின்ரை பிளேன் போகுது!" என்று முற்றத்திலிருந்து மனைவி அலறினாள்.

பாதிச் சவரத்தோடு, தாலிக்கொடியை மடியில் முடிந்துகொண்டு சைக்கிளை மிதித்தேன். சுங்கை பீசி விமான மைதானத்தை எட்டியபோது ஒரு பக்க விசிறி சுழல ஆரம்பித்துவிட்டது. தம்பியோ படியில் ஒரு காலை வைத்தபடி, ஏறமாட்டேன் என்று வெள்ளைக்கார விமானியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

என் முகத்துச் சோப்பு நுரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "அண்ணை, ரயில் பாதையை வைச்சோ கணக்குப் பார்த்தனீங்கள்? ஆகாயத்திலை கெமாஸ் இல்லை!" என்றபடி தாலிக்கொடியை வாங்கிக்கொண்டு ஏறினான்.

இப்போதெல்லாம் விமானம் என்றால் வரைபடத்தில் அடிக்கோலை நேராக வைத்துத்தான் அளக்கிறேன். அடுத்த மாதம் மணமக்கள் ரயிலில் வருகிறார்கள். அந்த நேரம் எனக்கு நிமிடம் பிசகாமல் தெரியும். இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே, முழுச் சவரத்தோடு, ஸ்டேஷனில் நிற்பேன்.