சிறுத்தையா என்று என் கட்டைவிரலைக் கேளுங்கள்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ஒருநாள் மலையில் வேலையாக இருந்தபோது கையிலிருந்த கொழுந்து திடீரென வாழையிலை அளவுக்குத் தெரிந்தது. பயந்து நிமிர்ந்தால், தேயிலைக்கு நடுவே சிறுத்தை!

"சிறுத்தை! ஓடுங்க!" என்று கத்தினேன். எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் எங்கள் வீடுகள் இருக்கும் லயம் வரை ஓடினோம். எங்களை வேலை வாங்கும் கங்காணியோடு தினமும் மலைக்கு வரும் அவருடைய பூனையும் பின்னாலேயே ஓடிவந்தது.

"இதுதானாம்மா ஒன் சிறுத்தை?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ தலையைப் பிளக்கிற வலி.

"ஒத்தத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி சிலருக்கு எல்லாம் பெருசாத் தெரியும். பயப்படாதீங்க" என்று மருந்து கொடுத்தார் தோட்டத்து டாக்டர்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் முதலில் என் கட்டைவிரலைப் பார்ப்பேன். அது பூசணிக்காய் மாதிரி தெரிந்தால் கத்தாமல் உட்கார்ந்துவிடுவேன். இது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் மேட்டில் மறுபடியும் ஒன்று நின்றது. விரலைப் பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"பூனைதானேக்கா?" என்று சிரித்தார்கள்.

"வெரல் சரியா இருக்குடி!" என்றேன்.

அவ்வளவுதான். பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் கங்காணிதான்.