மஞ்சுளா மேடையைச் சுற்றி வந்தாள்

மைசூரில் என் தம்பியின் கல்யாணத்தில் நடந்தது இது. மணப்பெண் மஞ்சுளாவுக்குச் சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோலுடன்தான் நடப்பாள்.

முகூர்த்தத்துக்கு முன் வீடியோக்காரர் மணமகள் அறைக்கு வந்தார். "அக்கா, பொண்ணு உட்கார்ந்திருக்கறத மட்டும் எடுக்கறேன். நடக்கறது வேணாம். அப்பதான் கேசட் சென்னாகி, நல்லா இருக்கும்" என்று கன்னடம் கலந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுளாவே பேசினாள்.

"மேடையைச் சுத்தி வர்றதுதானே சார் கல்யாணம்? அதை விட்டுட்டு வேற என்னத்த எடுப்பீங்க?"

அவர் சங்கடத்துடன் தலையாட்டிவிட்டுப் போனார்.

தாலி கட்டி முடிந்து இருவரும் வலம் வந்தார்கள். கீழே கிடந்த ஈரப்பூவில் ஊன்றுகோல் வழுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. தம்பி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் சமாளித்து நின்று கேமராவைப் பார்த்தாள். "இதையும் எடுத்தீங்கதானே?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். பயந்துபோயிருந்த எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில மாதம் கழித்து அந்த வீடியோக்காரரின் கடைக்குப் போனேன். புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு மஞ்சுளா வழுக்கிச் சமாளித்துச் சிரித்த அந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "மஞ்சுளா அவங்ககிட்ட கேட்டுட்டுதான் போட்டேன் அக்கா" என்றார் பெருமையாக.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் வீடியோ ஏற்பாடு என் பொறுப்பு. எதை எடுக்கலாம் என்று வீடியோக்காரர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. நேராக மணப்பெண்ணிடம் அழைத்துப் போய்விடுகிறேன்.