வலைக்காரர் வீட்டு ஒட்டகம்

போன கிழமை யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் நூல் விற்கும் கடையொன்றில் ஒரு பெட்டியைக் கண்டேன். மூடியில் முழங்காலில் இருக்கும் ஒட்டகத்தின் படம். குறோசே ஊசியால் பின்னிய ஒட்டகம். முதுகில் சிவப்புச் சேணம், கழுத்தில் மணிமாலை, இரு பக்கமும் குஞ்சங்கள். நூல், ஊசி, பஞ்சு, கண்ணுக்குக் கறுப்பு மணி எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். "ஒரு நாளிலை செய்து முடிக்கலாம் தங்கச்சி" என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

சிரிப்பு அடங்கிய பிறகு மூக்கில் ஒட்டிக்கொண்டது அந்தப் புது நூலின் மணம். கடற்கரை வீடுகளில் மீன் மணக்கும் என்று மற்ற ஊர்க்காரர் சொல்வார்கள். எங்கள் குருநகர் வீட்டில் நைலோன்தான் மணக்கும். புது வலைக்கட்டை அவிழ்க்கும்போது ஒரு மணம், உப்பும் வெயிலும் குடித்த பழைய வலைக்கு இன்னொரு மணம். என் பாடப் புத்தகங்களைத் திறந்தாலும் அதுதான். ஒட்டகத்தின் மணம் என்னவென்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பழைய வலை என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்த வருடம் அது. அப்பா விறாந்தையில் இருந்து நல்ல வலைகளையும் பிரித்துக் கிழிசல் தேடிப் பொத்திக்கொண்டிருந்தார். நான் உயர்தரப் பரீட்சை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று பார்த்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஆளைச் சும்மா இருத்தினால் என்ன நடக்கும்? முதலில் கீபோர்ட் பழகினேன். பிறகு கேக்குக்கு ஐசிங் போட. பிறகு தொலைபேசியைப் பார்த்துக் கொரிய மொழி. அந்த மொழியில் 'வணக்கம்', 'பசிக்கிறது' இரண்டும் எனக்கு இன்றைக்கும் தெரியும். 'முடித்துவிட்டேன்' என்று சொல்லித்தரும் பாடம் வருவதற்கு முன்பே விட்டுவிட்டேன்.

அக்காவும் அவளின் மகள் அனுவும் அப்போது எங்களோடுதான் இருந்தார்கள். அனுவுக்கு ஐந்து வயது. அத்தான் கனடாவில். விசா வந்துவிட்டது. மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த கையோடு தாயும் மகளும் பயணம்.

இராசாக்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீடு இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பில் ஒவ்வொரு நத்தாருக்கும் பாலன் குடில் கட்டுவார்கள். மாதாவும் சூசையப்பரும் இடையரும் குடிலுக்குள் இருப்பார்கள். ஆனால் இராசாக்களை உடனே அங்கே வைப்பதில்லை. தூர தேசத்திலிருந்து அல்லவா வருகிறார்கள்! நத்தார் அன்று ஒழுங்கையின் கடற்கரை முனையில் உள்ள வீட்டில் தொடங்கி, நாளுக்கொரு வீடாக நகர்ந்து, திருநாள் அன்றுதான் குடிலுக்கு வந்து சேருவார்கள். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டு வாசற் படலையடியில் ஒரு முக்காலி, மெழுகுதிரி, மூன்று இராசாக்கள், அவர்களோடு முழங்காலில் இருக்கும் ஓர் ஒட்டகம். எல்லாம் சாந்தில் செய்த பழைய சுருவங்கள். ஒட்டகம்தான் எல்லாவற்றிலும் பெரியது. பெரியது என்றால், ஐந்து வயதுப் பிள்ளையின் இடுப்பளவு.

அதுதான் வினையாகிப்போனது. நத்தாருக்கு ஒரு கிழமைக்கு முன், புது வர்ணம் பூசிக் காயவைத்திருந்த ஒட்டகத்தில் அனு ஏறி இருந்துவிட்டாள். மளுக்கென்று ஒரு சத்தம். கழுத்து தனியே, தலை தனியே.

குடிலுக்குப் பொறுப்பு சவிரி அண்ணை. சின்னப் பிள்ளையிலிருந்து பூசை வைக்கும் சுவாமிவரை எல்லோருக்கும் அவர் சவிரி அண்ணைதான். மீசையைத் தவிர அவரிடம் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு நெஞ்சு கொதித்துவிட்டது.

"ஐயோ, என்ன வேலை பாத்தாய்! இனி ராசாக்கள் எப்பிடி வருவினம்? பார், பாலன் யேசு அழுகிறார்!"

சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார். அனு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒழுங்கை முகப்பைத் தாண்டும்போது இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்வாள். நத்தார்ப் பூசைக்கும் வர மறுத்துவிட்டாள். புதுச் சட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அக்கா அடித்துப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள்.

"ஏன் குஞ்சு அதிலை ஏறினனீ?" என்று நான் ஆறுதலாகக் கேட்டேன்.

"அது முழங்கால்ல இருந்தது சித்தி. ஏறச் சொல்லித்தானே இருந்தது?"

இதற்கு எந்தச் சுவாமியிடம் போய்ப் பதில் கேட்பது?

இரண்டு நாள் கழித்து, அக்கா பயணப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அனு கேட்டாள்: "அம்மா, கனடாவிலையும் பாலன் யேசு இருக்கிறாரோ?"

"ஓம் குஞ்சு, அவர் எல்லா இடத்திலையும் இருக்கிறார்."

பிள்ளை ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். "அங்கையும் வந்து அழுவாரோ?"

அந்த நிமிடத்தில்தான் முடிவெடுத்தேன். இந்தப் பிள்ளை இப்படி விமானம் ஏறக்கூடாது. இராசாக்கள் குடிலுக்கு வந்து சேருவதற்குள் ஓர் ஒட்டகம் வேண்டும். முழங்காலில் இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், இவள் ஏறி இருந்தாலும் முறியக்கூடாது.

வீட்டில் அறிவித்தேன்.

"கேக் முடிஞ்சுதோ? கொரியா முடிஞ்சுதோ?" என்றார் அம்மா, மீனை அரிந்தபடி. "இப்ப ஒட்டகமோ?"

"இது முடியும்."

"பாப்பம்."

கடையில் கம்பளி நூலின் விலை பனையில் ஏறியிருந்தது. அப்பாவின் மூலையில் பழைய நைலோன் நூல் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒருகாலத்தில் பச்சையாக இருந்திருக்கும். வெயில் பட்டு, உப்புப் பட்டு, ஒட்டக நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. குறோசேக் கொழுக்கி ஊசியை எடுத்துக்கொண்டு பின்ன இருந்தேன். நைலோன் விரலை அறுக்கும். சைக்கிள் ரியூப்பை வெட்டி விரலில் சுற்றிக்கொண்டேன். தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மெத்தென்ற நூலில், சிரித்துச் சிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன!

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழையொன்றைச் செய்தேன். வலையில் ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சுப் போட்டு இறுக்கவேண்டும். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கண்ணி பிரியக்கூடாது. குறோசேயில் அப்படி முடிச்சே கிடையாது. கடைசிக் கண்ணி ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும். நூலை இழுத்தால் அவ்வளவும் கழன்று வரும். என் தலைக்கு அது விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. நடக்கப் பழகிய காலத்திலிருந்து வலையோடு வளர்ந்த கை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அது தன்பாட்டில் ஒரு வலை முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த சுற்றுக்குப் போனது.

உடம்பு முடிந்தது, கழுத்து முடிந்தது, கால்களும் முடிந்தன. தரையில் வைத்தேன். முன்னங்கால் இரண்டும் மடிந்து, பின்னங்கால் இரண்டும் நெட்டையாக நின்று, மூக்கு நிலத்தில் குத்தியது.

"சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் சொல்ல வந்திருக்கிறார் போலை" என்றார் அம்மா.

ஒட்டகம் எப்படி முழங்காலில் இருக்கும் என்று எங்களில் யார் கண்டது? எனக்குத் தெரிந்தது கோயிலில் மனிதர் இருக்கும் விதம்தான். பிறகு படங்களைத் தேடிப் பார்த்தால், நான்கு காலையும் மடித்து அடியில் போட்டுக்கொண்டு, மகாராணிபோல இருக்கிறது! வெள்ளைக்காரி இலேசாகச் சொன்னாள்: பிழைத்தால் நூலை இழுங்கள், கழன்றுவிடும். இழுத்தேன். பல்லால் இழுத்தேன். அப்பா வந்து ஒரு முனையைப் பிடித்துத் தானும் இழுத்துப் பார்த்தார். பிறகு ஆளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சுறா விழுந்தாலும் அறாது பிள்ளை. கத்தியை எடு."

பின்னங்கால்களை வெட்டினேன். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். வெட்டிய இடத்திலிருந்து உடம்பு முழுவதும் கழன்றுவிடும் என்று பயம். திறந்து பார்த்தால் ஒரு கண்ணிகூட அசையவில்லை. என் முடிச்சுகள் பிடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மடிந்த கால்கள் பின்னி, அதே முடிச்சால் பொருத்தினேன். வயிற்றுக்குள் வலைத் துண்டுகளை அடைத்தேன், சரிந்துவிடாமல் அடியில் ஈயக்குண்டுகள். திமில் மட்டும் எப்படி அடைத்தாலும் சப்பையாகவே இருந்தது. கடைசியில் ஒரு வலை மிதவையை உள்ளே தள்ளினேன். நிமிர்ந்துவிட்டது. மேலேயும் கீழேயும் கடல் சாமான்கள். கடலில் போட்டிருந்தால் மிதந்திருக்குமா, அமிழ்ந்திருக்குமா என்று அப்பாவும் நானும் வாதாடினோம்.

இதற்கிடையில் இராசாக்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். "இந்தமுறை நடைதானோ? பெற்றோல் இல்லையோ?" என்று ஒழுங்கையே பகிடி பண்ணியது. எங்கள் வீட்டு முறை வந்த அன்று அனு அறையை விட்டு வெளியே வரவேயில்லை. எனக்குப் பகிடியைக் கேட்கப் பொறுமை இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை ஒட்டகத்தைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தேன். திரும்பி இருந்துகொண்டாள்.

"எனக்கு வேண்டாம். முறிஞ்சிடும்."

நான் ஒட்டகத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். தொப்பென்று விழுந்தது. ஈயக்குண்டு பட்டுச் சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அம்மா குசினியிலிருந்து கத்தினார். ஒட்டகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப நீ எறி."

அவள் தயங்கி எறிந்தாள். பிறகு இன்னும் பலமாக. பிறகு மிதித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்தபடி மெல்ல ஏறி இருந்தாள். ஒட்டகம் கொஞ்சம் அமுங்கி, அப்படியே தாங்கிக்கொண்டது. அவள் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"சித்தி, இதுக்குச் சட்டை இல்லையோ?"

அதற்குப் பிறகு என்னை வேலை வாங்கியது அவள்தான். அம்மாவின் பழைய கூறைச் சேலைக் கரை சேணமானது. செம்மஞ்சள் நூலில் குஞ்சங்கள், ஒவ்வொன்றும் ஒரே நீளத்தில் இருக்கவேண்டுமாம். கழுத்துக்குச் சோகிச் சிப்பி மாலை. கண்ணுக்குத் தன் சட்டைப் பொத்தான்களையே அறுத்துத் தந்தாள். அந்தப் புதுச் சட்டையிலிருந்து! அக்காவிடம் அடி வாங்கியது நான்.

திருநாள் பின்னேரம் ஒழுங்கைச் சனம் எல்லாம் குடிலடியில். ஒட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அனு அக்காவின் கையைப் பிடித்தபடி மதில் மூலையோடு நின்றுவிட்டாள்.

"உது என்ன, நாயோ?" என்றார் சவிரி அண்ணை.

"ஒட்டகம்."

"நல்லாயிருக்கு பிள்ளை. ஆனா மந்திரிச்ச சுருவங்களோடை விளையாட்டுச் சாமானை வைக்கேலாது."

"அப்ப இதையும் மந்திரிப்பிப்பம். சுவாமி வருவார்தானே?"

"எடியே, நைலோனையோ?"

"அண்ணை," நான் குரலைத் தாழ்த்தினேன், "அனு வாற கிழமை கனடா போறாள். நீங்கள் அண்டைக்குச் சொன்னதையும் மனசிலை காவிக்கொண்டு போகப்போறாள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மதில் மூலையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மீசை ஒருதரம் மேலே போய்க் கீழே வந்தது.

"அனுக்குட்டி, இங்கை வாங்கோ. இந்த ஒட்டகத்தை எங்கை வைக்கிறது? எனக்குத் தெரியேல்லை."

அவள் அசையவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது இன்னும் மோசம். நான் வாய்க்குள் செபமாலையே சொல்லத் தொடங்கிவிட்டேன். பிறகு, கண்ணை ஒரு கையால் மட்டும் மூடிக்கொண்டு, அவள் வந்தாள். ஒட்டகத்தை இழுத்துப் பாலனின் தீவனத்தொட்டிக்குப் பக்கத்தில், சேணம் அந்தப் பக்கம் இருக்கத் திருப்பி வைத்தாள்.

"ராசாக்களைப் பாத்தெல்லோ இருக்கவேணும்?" என்றார் சவிரி அண்ணை.

"இல்லை. பாலன் யேசு ஏறட்டும். இது முறியாது."

சவிரி அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, பாலன் சுருவத்தை வைக்கோலிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, சோகி மாலைக்கும் திமிலுக்கும் நடுவில் இருத்தினார். அவ்வளவு தூரம் வீடு வீடாக நடந்து வந்த மூன்று இராசாக்களும் வெறும் வைக்கோலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அனு மற்றக் கையையும் கண்ணிலிருந்து எடுத்தாள்.

"இப்ப அழேல்லை" என்றாள்.

"அவர் ஏன் மோளே அழப்போறார்?" என்றார் சவிரி அண்ணை, சரிந்த குஞ்சமொன்றை நேராக்கியபடி.

அக்காவும் அனுவும் கனடா போய்விட்டார்கள். ஒட்டகத்தைக் கொண்டுபோகச் சொன்னபோது, பாலனுக்கு வேணும் என்று அனு விட்டுவிட்டுப் போனாள். அடுத்த இரண்டு நத்தாருக்கும் அது குடிலில் இருந்தது. அதன்பிறகு வெளிநாட்டுக்குப் போன எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சேர்ந்து புதுச் சுருவங்கள் அனுப்பினார்கள். பளபளவென்று, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு பிள்ளையின் கையும் எட்டாத உயரத்தில். ஒழுங்கையில் பாதிப் படலைகளுக்குப் பூட்டு விழுந்துவிட்டதால், இராசாக்களும் இப்போது முதல் நாளே குடிலுக்குள் நிற்கிறார்கள். என் ஒட்டகம் யார் வீட்டுக்குப் போனது என்று தேடிப் பார்த்தேன், சவிரி அண்ணைக்கும் தெரியவில்லை.

போன நத்தாருக்கு அனு வீடியோவில் வந்தாள். பள்ளிக்கூட நாடகத்தில் அவள்தான் மாதாவாம். கையில் ஒரு பொம்மைப் பாலன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

"ஒட்டகம் ஞாபகம் இருக்கோ குஞ்சு?"

"எந்த ஒட்டகம், சித்தி?"

அவள் நினைவில் சாந்து ஒட்டகமும் இல்லை, நைலோன் ஒட்டகமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்ததும் இல்லை. எதை அவளிடமிருந்து போக்கவேண்டும் என்று விரலை அறுத்துக்கொண்டு பின்னினேனோ, அது முழுவதும் போய்விட்டது. போகும்போது என் ஒட்டகத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாக்கு நுனிவரை வந்த கதையை விழுங்கிக்கொண்டு, "பாலனை நேராப் பிடி" என்று மட்டும் சொன்னேன்.