செப்பு அண்டாவில் கலந்த கடல்

வேலாயுதத்துக்குச் சாயப்பட்டறை வேலை. பிள்ளையார்பாளையத்தில் எனக்கு அடுத்த வீடு. காலையில் பட்டு நூலைச் செப்பு அண்டாவில் முக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை அந்த ஆவியில்தான் நிற்பான். அவன் நகத்தின் சொந்த நிறம் என்னவென்று எனக்குத் தெரியாது. அதிகம் பேசமாட்டான். பேசினால் எதிரில் இருப்பவனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

அவன் மனைவி மங்கையர்க்கரசி தறி நெய்தவள். போன பங்குனியில் நெய்துகொண்டிருந்தவள் தறிமேலேயே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை மடங்கி நின்றுவிட்டது, பேச்சும் குழறிப்போனது. விரலைத் திறந்து மூடிப் பழக்க வேண்டும், விட்டால் கை இறுகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவள் செய்யவில்லை. இவன் திட்டிப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மாத்திரை வாங்கப் போனவன் ஒருநாள் மழைக்கு உஸ்மானின் வளர்ப்புமீன் கடையில் ஒதுங்கினான். அங்கே உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றில், கல்லின்மேல் ஏதோ கொத்துக் கொத்தாகக் குட்டிக் கைகள்போல விரிந்து மூடிக்கொண்டிருந்தது. இவன் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

"இது இன்னாபா, யார் சொல்லி இப்டி ஆடுது?"

"ஜீனியாண்ணே. மெத்து பவளம், கடல்ல பாறைமேல வளரும். யாரும் சொல்ல வேணாம். உயிர் இருக்கிற வரைக்கும் அதுக்கு இதே வேலைதான்."

அந்த வாரமே மங்கையின் கட்டிலுக்கு எதிரில் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஜீனியாவோடு காளான் மாதிரிப் பவளம் இரண்டும், தோல்போல் தடித்த ஒன்றும். கடலே இல்லாத ஊரில் உப்புத்தண்ணியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "நீ மச்சானையே வூட்ல வெச்சிக்கினு கீற. நான் கேட்டனா?" என்றான். என் மச்சான் அப்போது உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உஸ்மான் சொன்னதை ஒன்று விடாமல் செய்தான். குழாய்த் தண்ணீர் ஆகாது, வடிகட்டிய கேன் தண்ணீர்தான். உப்பைப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மோட்டாரால் சுற்றவிட்டு, மறுநாள்தான் தொட்டிக்கு. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு வெறும் நல்ல தண்ணீர், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. தண்ணீர் ஓட்டம் பவளத்தின்மேல் நேராக அடிக்கக் கூடாது, விளக்கும் கண் கூசும்படி எரியக் கூடாது. சாயக் கறையோடு தொட்டிக்குள் கைவிடவே மாட்டான். கம்பி, ஆணி எதுவும் உள்ளே விழக்கூடாது என்றும் உஸ்மான் சொல்லியிருந்தான். இதை மட்டும் சொல்லியே இருக்க வேண்டாம் என்பான் வேலாயுதம். இரும்பு பட்டால் சாயம் கறுத்துப்போகும் என்பது பட்டறைக்காரனுக்கு முதல் பாடம். அதற்குத்தானே செப்பு அண்டா.

ஆடி கழிந்து ஒரு மாலை, மங்கையின் சுண்டுவிரல் அசைந்தது. ஜீனியா விரிந்தால் இவளும் விரிக்கப் பார்ப்பாள். அது மூடினால் மூடுவாள். ஐப்பசியில் டம்ளரைப் பிடித்தாள். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள், பாதி சிந்தினாலும்.

கார்த்திகையில் புயல் வந்தது. கரண்ட் போய், தொட்டி மோட்டார் நின்றுவிட்டது. வேலாயுதம் பட்டறைக்குப் போகாமல் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். நானும் சற்று நேரம் ஊற்றினேன். பவளங்கள் சுருங்கின, ஆனால் சாகவில்லை. கரண்ட் வந்ததும் ஜீனியா மெல்லத் திறந்தது. தண்ணீர் கெட்டிருக்கும், பாதியை மாற்றிவிடுங்கள் என்று உஸ்மான் போனில் சொன்னான்.

புறக்கடையில் தகரக் கூரை விழுந்து, உப்பு கலக்கும் டிரம் பிளந்து கிடந்தது. கடைகள் திறக்கவில்லை. வேலாயுதம் பட்டறைக்குப் போய்ச் சின்ன அண்டாவைத் தூக்கி வந்தான். ஒரு பொட்டுச் சாயம் இருக்கக் கூடாதென்று புளி போட்டுத் தேய்த்தான். பொன்போலப் பளபளத்தது. அதில் உப்பைக் கரைத்து, ராத்திரி முழுக்க வைத்து, விடிந்ததும் தொட்டியில் ஊற்றினான்.

மத்தியானம் ஜீனியா மூடியது. பிறகு திறக்கவில்லை. காளான்கள் சுருண்டன. மறுநாள் ஜீனியா காம்போடு கரைந்து, கஞ்சி ஆடைபோல மிதந்தது. வீடெல்லாம் நாற்றம். வேலாயுதத்துக்கு விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. மங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

உஸ்மான் வந்து முகர்ந்தான். உப்பை எதில் கலந்தீர்கள் என்று கேட்டான். இவன் அண்டாவைக் காட்டினான். உஸ்மான் அதன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, உப்புத்தண்ணி செம்பை அரிக்கும்ணே. செம்பு பவளத்துக்கு வெஷம்."

"இரும்புதான ஆகாதுன்ன?"

"கம்பி, ஆணின்னேன்."

"அது இரும்புதானபா."

உஸ்மான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கல்லும் மணலும் செம்பைக் குடித்திருக்கும், இனி இந்தத் தொட்டியில் பவளம் நிற்காது, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தால் மாதக்கணக்கில் ஆகும் என்றான். அதுவரைக்கும் அந்தக் கை காத்திருக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவன் போனபிறகு மங்கை குழறிக் குழறிக் கேட்டாள். "இன்னா... ஊத்தின?"

"வெஷம்மா," என்றான் வேலாயுதம்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதுத் தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பழைய தொட்டியைக் கல்லோடு எடுத்துப் புறக்கடையில் வைத்தான். அண்டா பட்டறைக்குத் திரும்பிப் போனது. சிவப்பு நூலுக்கு அது வேண்டும். தை மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, கை இறுகிவிட்டது என்றார்கள்.

இப்போது பட்டறையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, தொட்டி இருந்த இடத்தில் முக்காலி போட்டு உட்காருகிறான். தன் வலது கையைத் தூக்கி விரிக்கிறான், மூடுகிறான், விரிக்கிறான். எவ்வளவு தேய்த்தாலும் சாயம் போகாத கை. சில நாள் மங்கை திரும்பிப் பார்க்கிறாள், சில நாள் பார்ப்பதில்லை. அவள் விரல் அசையவில்லை. நேற்றும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விரித்து மூடிக்கொண்டுதான் இருந்தான்.