எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’

போன வாரம் என் வார்டு நோயாளி ஒருத்தியை வேனில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனேன். வைத்தியத்துக்கு அல்ல... பரீட்சைக்கு!

பரீட்சை அவளுக்கு இல்லை, டாக்டராகப் போகும் பிள்ளைகளுக்கு. ஆனால் தொட்டுப் பார்க்கவும் தட்டிப் பார்க்கவும் ஓர் உடம்பு வேண்டுமே? வருஷா வருஷம் மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள் – நல்ல நோயாளியாகப் பார்த்து அனுப்புங்கள் என்று. நல்ல நோயாளி என்றால் நோய் நன்றாக முற்றியவர். எங்கள் பாஷை அப்படி. இந்த முறை என்னையும் பரீட்சகராகக் கூப்பிட்டுவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூட இப்போதெல்லாம் தெம்பில்லை. போனேன்.

நோயாளியின் பெயர் மாரியாயி. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. வேனில் ஏறியதிலிருந்து அவளுக்கு ஒரே கவலை.

“நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்புட்டா அந்தப் புள்ளைங்களுக்கு மார்க் கொறைஞ்சிருங்களா டாக்டரையா?”

“நீ உள்ளதைச் சொன்னாப் போதும்” என்றேன். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

அவள் கட்டிலுக்கு வந்த மாணவி யோகராணி. மாத்தளையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தபாலதிபர் ஒருவரின் மகள். எழுத்துப் பரீட்சையில் அவள்தான் முதலாவது. போன தடவையும் அதில் முதலாவது, நோயாளியை நேரில் பார்க்கும் இந்தக் கிளினிக்கலில் விழுந்துவிட்டாள். சட்டம் என்ன தெரியுமா? ஒன்றில் விழுந்தால் இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். இன்றைக்கும் விழுந்தால், இரண்டு முறை முதலாவதாக வந்த பரீட்சையை மூன்றாம் முறையும் எழுத வேண்டும். கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள். பாவமாக இருந்தது.

நானும், கொழும்பிலிருந்து வந்திருந்த தலைமைப் பரீட்சகரும் ஓரமாக நின்றோம். பெரிய நிபுணர். சிங்களவர். தமிழ் தெரியாது, நான்தான் அவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நெஞ்சு நோகுதோ?”

“ஆமாங்க.”

“நடக்கேக்க மூச்சு வாங்குதோ?”

“ஆமாங்க.”

இதுவரை சரி.

“காய்ச்சல் காயுதோ?”

“ஆமாங்க.”

“மூட்டெல்லாம் வீங்கியிருக்கோ?”

“ஆமாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் துரையோ கிளாக்கரோ கங்காணியோ கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகாதவள் அவள். வெள்ளைக் கோட்டும் அந்த வரிசைதான். போதாததற்கு, பிள்ளைக்கு மார்க் கிடைக்க வேண்டுமே என்ற கரிசனை வேறு! கேட்ட நோயை எல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதே வால்வு நோயைப் பற்றி எழுத்துப் பரீட்சையிலும் ஒரு கேள்வி இருந்தது. யோகராணி அதற்கு அருமையாக எழுதியிருந்தாளாம். ஏன் எழுதமாட்டாள்? கேள்வித்தாளில் வரும் நோயாளிக்கு வெட்கமில்லை, பயமில்லை, யார் மனதும் நோகக்கூடாது என்ற எண்ணமில்லை. நாலு வரியில் உண்மையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார். அப்படி ஒருவரை என் வார்டில் நான் இன்னும் பார்க்கவில்லை.

யோகராணி கேள்வியை நிறுத்தினாள். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

“அம்மா, நீங்கள் ஆம்பிளையோ?”

“ஆமாங்க.”

சொன்ன பிறகுதான் மாரியாயிக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யோகராணியும் சிரித்துவிட்டாள். தலைமைப் பரீட்சகர் என்னைத் திரும்பிப் பார்த்தார்... இதை எப்படி மொழிபெயர்ப்பது?

யோகராணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இனி நான் ஒண்டும் கேக்கேல்லை. காலமை எழும்பினதில இருந்து என்னென்ன செய்வியள்? நீங்களே சொல்லுங்கோ.”

“முன்னெல்லாம் மலைக்கு நாந்தாங்க மொத ஆளாப் போவேன். இப்ப பாதி ஏத்தத்துல, பீலித் தண்ணி கொட்டுற எடத்துல குந்திருவேன். மத்தவளுங்க தாண்டிப் போயிருவாளுங்க. ராவுல படுத்தா மூச்சு அடைக்குது. லயத்து வீட்டுச் செவத்துல சாஞ்சு உக்காந்தபடியேதான் தூங்குறது. காய்ச்சலெல்லாம் இல்லீங்க புள்ள. சும்மா சொன்னேன்.”

நோய் முழுசாக வெளியே வந்துவிட்டது. நேரம் முடிந்த மணியும் அடித்துவிட்டது. யோகராணி ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைக்கவே இல்லை.

தனி அறையில் எங்களுக்குள் வாக்குவாதம்.

“நோயாளியைப் பேசவைத்தாளே, அதற்கு மார்க் இல்லையா?” என்றேன்.

“அதற்கு எங்கே போடுவது? இந்த மார்க் தாளில் அதற்கு இடமில்லையே” என்றார்.

“எழுத்தில் முதலாவது வந்த பிள்ளை.”

“எழுத்து எழுத்தோடு. அதை இங்கே கொண்டுவராதீர்கள். இதய நோயாளியின் இதயத்தைக் கேட்காமல் எழுந்து போனவளை நாளைக்கு உங்கள் வார்டில் தனியாக விடுவீர்களா, டொக்டர்?”

அவர் சொன்னதும் நியாயம்தானே? என் பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பரீட்சையும் ஒரே பிள்ளையைத்தான் பார்க்கின்றன – ஒன்று அவள் என்ன படித்தாள் என்று, மற்றது அவள் என்ன செய்கிறாள் என்று. இரண்டும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசிக்கொண்டால் என்ன? பேசாது. களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். ஃபெயில்.

திரும்பி வரும் வழியில் உக்குவளை ரயில் கேட் மூடியிருந்தது. வேன் நின்றது. பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாரியாயி மெதுவாகக் கேட்டாள்.

“கடைசியில நான் உள்ளதத்தாங்க சொன்னேன். அந்தப் புள்ள பாஸாயிருச்சுங்களா டாக்டரையா?”

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமாங்க” என்றேன்.