பாதியில் நின்ற விண்ணப்பப் பக்கம்

பிள்ளைகளா, அன்றைக்கு உங்கள் அக்காவின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சிம் போட்ட நம் வீட்டு ரவுட்டரில் மெசேஜ் போனது, சின்னப் பக்கங்கள் திறந்தன. விண்ணப்பப் பக்கம் மட்டும் பாதி வந்து வெள்ளையாக நின்றது. சிக்னல்தான் குறை என்று நினைத்து, நீள ஒயர் இழுத்து ரவுட்டரை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தேன். சிக்னல் கோடுகள் நிறைந்தன. பக்கம் அப்படியே நின்றது.

"தொட்டிக்கு நல்லா நெட்டு கெடைக்குதுப்பா," என்றாள் அக்கா.

சிம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எடுத்த பெண், "ரவுட்டர் செட்டிங்ஸ்ல எம்.டி.யூ.ன்னு ஒரு எண், ஆயிரத்தி ஐந்நூறுன்னு இருக்குதுங்களா? அதை ஆயிரத்தி நானூறு ஆக்குங்க," என்றார்.

"கொறைச்சா வேகம் போயிடாதுங்களா?"

"அது வேகம் இல்லீங்க. ஒரு தடவைக்கு அனுப்புற மூட்டையோட அளவு. பெருசா இருந்தா வழியிலயே நின்னுடுது."

செராமிக் கம்பெனியில் கப்புகளைப் பெட்டியில் அடுக்குகிறவன் நான். பெரிய பெட்டியை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எண்ணைக் குறைத்தேன். பக்கம் முழுதாக வந்தது. அக்கா விண்ணப்பத்தை அனுப்பினாள்.

நீங்கள் எல்லோரும் கடைத்தெருவுக்குக் கிளம்பிய பிறகு, அதே பக்கத்தை நான் மறுபடி திறந்தேன். விதிமுறைகள் உட்பட, கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படித்தேன்.