பதினோராம் எண் கதை

எங்கள் குழுவில் எனக்கு யாரையும் பிடிக்காது. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் மூன்று ஆண்டுகள், ஒரு மாதம்கூடத் தவறாமல், அவர்களுக்காகச் சிறுகதைப் போட்டி நடத்தினேன். பிடித்தவர்களின் கதையை நிராகரிப்பது சங்கடமான வேலை. எனக்கு அந்தச் சங்கடம் ஒரு மாதமும் வந்ததில்லை.

குழு என்பது வாட்ஸப்பில் நூற்றுச் சொச்சம் பேர். பரிசு பெற்ற கதைகளை ஏற்றி வைக்க ஓர் இணையப் பக்கமும் உண்டு. பெரும்பாலானவர்கள் பனியன் தொழிலில் இருப்பவர்கள். டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், வெள்ளகோவிலிலிருந்து தினமும் காலையில் முருகன் படம் அனுப்பும் ஒருவர். நான் நல்லூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் தர ஆய்வாளன். பதினெட்டு வருடங்களாகத் துணியில் ஓட்டையும் கறையும் தேடுகிறேன். மீதி நேரத்தில் படிக்கிறேன், நாட்குறிப்பு எழுதுகிறேன். எந்தக் கதை எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

போட்டிக்கு ஒரு முறை வைத்திருந்தேன். கதைகள் நேராக எனக்கு வராது. பல்லடம் சாலையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குப் போகும். எழுதியவர்களின் பெயரை அவர் நீக்கி, எண் கொடுத்து, எழுதியவருக்கு அந்த எண்ணைச் சொல்லிவிட்டு எனக்கு அனுப்புவார். நான் படித்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து வெளியூர் நடுவர்கள் இருவருக்கு அனுப்புவேன். எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

புரட்டாசியில் வந்த கதைகள் என் பொறுமையைத் தீர்த்துவிட்டன. ஒன்றில் பத்தியே பிரிக்கவில்லை. ஒருவர் போனில் பேசியே எழுதியதில் 'அப்புறம்' என்ற சொல் நாற்பத்தேழு முறை வந்திருந்தது, எண்ணினேன். ஆகவே ஐப்பசி அறிவிப்போடு, ஆவணியில் முதல் பரிசு பெற்ற கதையை இணைத்து, மேலே 'மாதிரி' என்று எழுதி, கதைகள் இந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று போட்டேன். எங்கள் கம்பெனியில் இது அன்றாடம் நடப்பது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ஒரு பீஸ், சீல் வைக்கப்பட்டு, தையல் வரிசையின் தலைமாட்டில் தொங்கும். சந்தேகம் வந்தால் டெய்லர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

எந்த ஊரில் தொங்கவிடுகிறேன் என்பதை மறந்துவிட்டேன்.

அந்த மாதம் தீபாவளி. கம்பெனிகள் பத்து நாள் மூடியிருந்தன. தெற்கே போகும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்ததோ என்னவோ, பத்தொன்பது கதைகள் வந்தன. அதில் பதினாறு, மாதிரியை அளவெடுத்துத் தைத்தவை. மாதிரிக் கதையில், அரசு மருத்துவமனையில் சாகக் கிடக்கும் அம்மாவின் அருகே மகள் இருக்கிறாள். வார்டில் குழாய் சொட்டும் சத்தத்தில் கதை தொடங்கி, யாரும் எடுக்காத ஒரு போன் அழைப்பில் முடியும். வந்த கதைகளில் அம்மாவுக்குப் பதில் மாமனார், மருத்துவமனைக்குப் பதில் பஸ் நிலையம். குழாய் எல்லாவற்றிலும் சொட்டியது. ஒருவர் மட்டும் துணிந்து அதை மோட்டாராக மாற்றியிருந்தார். நிறமும் லேபிளும் வேறு, பீஸ் ஒன்றுதான். பிறகு ஒரு கட்டிங் மாஸ்டரிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாம்பிள் குடுத்தீங்க. அதாட்ட இல்லீன்னா ரிஜெக்ட் பண்ணீருவீங்க. நாங்க வேற என்ன பண்றதுங்க?"

அந்த வாரம் எனக்கு ஷிப்மென்ட் வாரம். பெட்டியில் மேலே ஒரு பீஸ், நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்த்து மொத்த லாட்டையும் முடிவு செய்வது என் தொழில். ஐந்து கதைகளை முழுதாகப் படித்தேன். ஆறாவதிலிருந்து, முதல் பத்தி, நடுவில் ஒரு பத்தி, கடைசிப் பத்தி. பதினோராம் எண் கதையின் முதல் பத்தி மாதிரியின் முதல் பத்தியேதான், எழுத்துக்கு எழுத்து. கடைசிப் பத்தியும் அப்படியே. நடுவில் எடுத்துப் பார்த்த இடத்தில் வார்டில் ரொட்டியும் பாலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதிரியிலும் ரொட்டி உண்டு.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குக் குழுவில் பதிவிட்டேன். இந்த மாத லாட் முழுவதும் நிராகரிக்கப்படுகிறது, பரிசு கிடையாது என்று எழுதி, பதினாறு எண்களையும் வரிசையாகப் போட்டு 'நகல்' என்று குறித்தேன். பதினொன்றுக்கு மட்டும் தனியாக ஒரு வரி. மற்றவர்கள் பார்த்துத் தைத்திருக்கிறார்கள், இவர் திருடியிருக்கிறார்.

இருபத்திரண்டு நிமிடம் கழித்து ஒரு பதில் வந்தது. 'பதினொன்று என்னுடையது. அந்த மாதிரியும் என்னுடையதுதான்.'

எழுதியவர் என் கம்பெனியிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு யூனிட்டில் பேட்லாக் மெஷினில் தைக்கும் பெண். சங்கரன்கோவில் பக்கம். நாற்பது வயது இருக்கலாம். அவர் வரிசையில் தைக்கும் நான்கு பேரும் அவருடைய கான்ட்ராக்டரும் எங்கள் குழுவில் இருந்தார்கள். மத்தியானச் சோற்று நேரத்தில் தன் எண்ணை அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அந்த யூனிட்டில் அவருக்கு 'நகலக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. பண்டல் கொண்டுவந்து போடுகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்களாம். கதையில் செத்துப்போவது அவருடைய சொந்த அம்மா. அம்மா செத்ததை மகள் திருடிவிட்டாள் என்று மெஷினுக்கு மெஷின் சிரிப்பு. அவர் கேட்டது ஒன்றுதான். அந்தச் சொல்லை எங்கே எழுதினேனோ அங்கேயே திரும்பப் பெற வேண்டும்.

ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நான் எட்டு நாள் சண்டை போட்டேன்.

தன்னையே நகலெடுப்பதும் நகல்தான் என்பது என் வாதம். படித்ததையெல்லாம் இறக்கினேன். ஒரே நாவலை ஐந்து முறை எழுதிச் சலித்துப்போன வெளிநாட்டுக்காரர்களை உதாரணம் காட்டி, புள்ளி வைத்து எண் போட்டு, நாளுக்கு ஒரு பதிவு. சாமளாபுரத்து விசைத்தறிக்காரர் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதுவார். "ஏனுங்க, நேத்து ஓட்டுன காடாத் துணியத்தான் எம்பட தறியில இன்னைக்கும் ஓட்டறனுங்க. நானும் திருடனுங்களா?" அதற்கு முப்பத்தெட்டுப் பேர் சிரித்தார்கள். என் பதிவுக்கு வெள்ளகோவில்காரர் முருகன் படம் போட்டார்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. நான் அந்தக் கதையைப் படிக்கவில்லை. கோப்பு என் போனில்தான் இருந்தது. எந்த நாளும் திறந்து படித்திருக்கலாம். படித்தால் வாதம் நிற்காது என்று பயந்தேன் என இப்போது எழுதுகிறேன். அந்த வாரத்து நாட்குறிப்பில் 'நேரமில்லை' என்று இருக்கிறது.

ஒன்பதாம் நாள், டைப்பிங் கடைக்காரர் போன் செய்தார். ஞாயிறு காலை கடைக்கு வரச் சொன்னார், அந்தப் பெண்ணும் வருவதாகச் சொன்னார். "நேருல பேசி முடிச்சுக்குங்கண்ணா. தெனமும் எனக்கு ஆளுக்கொரு போனு. நான் டைப் அடிக்கறதா, பஞ்சாயத்துப் பண்றதா?"

பத்தரைக்குப் போனேன். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. அந்தப் பெண் முன்பே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கதையின் அச்சுப் பிரதி. முகம் பார்த்தது அன்றுதான் முதல் முறை. தினமும் அந்தத் தெருவில் கடந்து போயிருப்பேன், அவரும் என்னைக் கடந்து போயிருப்பார். வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் பையில் ஐந்து புள்ளிகள் எழுதிய தாள் இருந்தது. முதல் புள்ளியைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். மூன்றாவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தக் கதையில கட்டிலுக்குக் கீழ என்ன இருக்கு?"

டைப்பிங் கடைக்காரர் தட்டுவதை நிறுத்தினார். எண் கொடுத்தவர் அவர், கதையைப் படித்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மருத்துவமனைக் கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கும் என்று யோசித்தேன். செருப்பு, பிளாஸ்க், பை. அதிகம் சாத்தியமானதைச் சொன்னேன்.

"ஒயர் கூடை."

"இல்ல சார். நான் கெடக்கேன்."

பிரதியை என் பக்கம் நீட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னார். "இந்தக் கதையில பேசுதது எங்கம்மா. கீழ நான் தூங்குதேன்னு அது நெனச்சுக்கிட்டு, இருமக்கூட பயந்து கெடக்கு. நான் தூங்கலங்கது மொதக் கதை. அதே வார்டு, அதே கொழா. ரெண்டு பேரு கேக்காங்க. அதுக்காகத்தான் மொதலும் முடிவும் அப்படியே வச்சேன்."

"அண்ணா, படிக்கவே இல்லீங்களா?" என்றார் கடைக்காரர்.

மேலே, நடுவே, அடியே பார்த்தேன் என்றேன். வேறு எந்த ஊராக இருந்தாலும் அதை விளக்கவேண்டி வந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்தது. சிரித்தார். அதில் நட்பு எதுவும் இல்லை.

"பீஸ்ல அப்படிப் பாத்தா ஓட்டை தப்பிச்சிரும். இதுல நான்லா மாட்டிக்கிட்டேன்."

தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "புரியலன்னு எழுதாதீய. வாசிக்கலன்னு எழுதுங்க." அப்படி எழுதினால் மூன்று வருட முடிவுகளையும் எல்லோரும் சந்தேகப்படுவார்கள், போட்டி என் கையில் இருக்காது என்று சொன்னேன். அது உங்க பாடு என்றார். அவருக்குத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார வேண்டும், அந்தப் பெயர் இல்லாமல் உட்கார வேண்டும்.

அங்கேயே போனில் எழுதி வாசித்துக் காட்டினேன். 'பணிச்சுமை காரணமாக' என்பதை எடுக்கச் சொன்னார். எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்றார். 'அவசரத்தில்' என்பதையும் எடுத்தேன். மிச்சம் மூன்று வரி. பதினோராம் எண் கதையை நான் முழுதாகப் படிக்கவில்லை. படிக்காமலே திருட்டு என்று எழுதினேன். அது திருட்டு இல்லை, அவருடைய கதை. பதினொன்று இருபத்தைந்துக்குப் பதிவிட்டேன். தன் போனில் அது வந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார்.

பத்து நிமிடத்தில் சாமளாபுரத்துக்காரர் கேட்டார், மூன்று வருடமாகத் தன் கதைகளையும் மேலே, நடுவே, அடியேதான் பார்த்தேனா என்று. இல்லை, அந்த மாதம் மட்டும்தான் என்று எழுதினேன். உண்மை அதுதான். யாரும் நம்பவில்லை. அவர்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள், இனிப் போட்டியை டைப்பிங் கடைக்காரர் நடத்துவார் என்று முடிவாகிவிட்டது. போட்டிக் கணக்கு எழுதிய என் மூன்று நோட்டுகளும் அவரிடம் போயின. கார்த்திகைப் போட்டிக்கு அவர் மாதிரி எதுவும் கொடுக்கவில்லை. வந்தவற்றில் பாதிக்குப் பத்தி பிரிப்பு இல்லையாம். எனக்கென்ன.

அந்த மூன்று வரியை அந்தப் பெண் அச்செடுத்து, யூனிட்டில் ஷிப்ட் நேரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார் என்று கேள்விப்பட்டேன். நகலக்கா என்று கூப்பிடுவது நின்றுவிட்டதா என்று விசாரித்தேன். பாதிப் பேர் நிறுத்தியிருக்கிறார்கள் என்றார் கடைக்காரர்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் மூலமாக அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொன்று வந்தது. இணையப் பக்கத்தில் இருக்கும் ஆவணிக் கதையை நீக்க வேண்டும். பதினோராம் எண் கோப்பு என்னிடம் எங்கே இருந்தாலும் அழிக்க வேண்டும். பக்கத்தின் கடவுச்சொல் அப்போதும் என்னிடம்தான் இருந்தது. நான் மறுத்துப் பார்த்தேன். பரிசு பெற்ற கதை ஓர் ஆவணம், எடுத்தால் அந்த வருடத்துப் பதிவில் பள்ளம் விழும், ஒரு வாரம் யோசிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். குடுத்தது நான், எடுக்கதும் நான் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை, கம்பெனி கேன்டீனில், அழிக்கும் முன் பதினோராம் எண்ணைப் படித்தேன். பதினெட்டு நிமிடம். மூன்று வருடத்தில் வந்த கதைகளில் அதுவே ஆகச் சிறந்தது. ஆவணிக் கதை அதற்கு அடுத்தது. அந்தப் பெண்ணை எனக்கு அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை. அந்த மூன்று வரியில் என் பக்கத்துக்கு ஒரு சொல் மிச்சம் வைக்காமல் பிடுங்கிக்கொண்டவர்.

ஒரு பிரதியை வைத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று ஐந்துக்கு இரண்டையும் அழித்தேன். ஆவணி மாதத்துக்கு நேராக முதல் பரிசு என்று இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. அந்தக் கதையை இன்னொரு முறை படிக்கக் கொடுங்கள் என்று கேட்டால் அந்தப் பெண் தருவாரா என டைப்பிங் கடைக்காரரிடம் இதுவரை கேட்கவில்லை. தரமாட்டார்.